'வரும்' என்ற கோடு

நாவல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிறவன் ரயில் படத்தைப் பற்றியும் சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனாலும், ஹாரி பெக் வரைந்த லண்டன் பாதாள ரயில் படத்தை நான் நாவல் படிப்பது போலத்தான் படிக்கிறேன். எதை எழுதுவது என்பதைவிட எதை விடுவது என்பதே எழுத்தாளனுக்குப் பெரிய கஷ்டம். பெக் அந்தக் கஷ்டத்தைத் தாண்டியவர்.

அவர் பாதாள ரயிலின் சிக்னல் பிரிவில் படம் வரைந்தவர். 1931-ல் தம் ஓய்வு நேரத்தில் இந்தப் படத்தைப் போட்டார். முதலில் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள். 1933-ல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் அச்சிட்டபோது ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. வீதி, மேடு, தூரம் எல்லாவற்றையும் அவர் தள்ளிவிட்டார். தேம்ஸ் நதி ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். கோடுகள் நேராகப் போகும், இல்லாவிட்டால் 45 டிகிரி சாயும். நெரிசலான நடுநகரை விரித்து, புறநகரைச் சுருக்கினார். பூமிக்கடியில் போகிறவனுக்கு எங்கே ஏறி, எங்கே மாறி, எங்கே இறங்குவது என்று தெரிந்தால் போதாதா? இதுவரை எனக்கு ஆட்சேபம் கிடையாது.

இந்தப் படம் எதிர்காலத்தைச் சொல்லப் புகும் இடத்தில்தான் எனக்குச் சங்கடம்.

1935-ல் பெரிய விஸ்தரிப்புத் திட்டம் ஒன்று போட்டார்கள். வடக்கே எட்ஜ்வேரோடு நின்ற பாதையைச் சுமார் 3 மைல் நீட்டி, பிராக்லி ஹில், எல்ஸ்ட்ரீ சவுத், புஷி ஹீத் என்று மூன்று நிலையங்கள் கட்டுவது அதில் ஒரு பகுதி. அந்தப் பக்கம் பெரும்பாலும் வயல்கள்தாம். ஆனால் 1924-ல் எட்ஜ்வேருக்கு ரயில் வந்தபோதும் வயல்கள்தாம் இருந்தன. ரயிலுக்குப் பின்னால் வீடுகள் வந்தன. ஆகவே நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. நிலையங்கள் படத்தில் ஏறின, 'கட்டப்படுகிறது' என்ற அடையாளத்தோடு, விட்டு விட்டு இழுத்த கோட்டில்.

1939-ல் யுத்தம் வந்தது, வேலை நின்றது. அந்தப் பாதைக்காக ஆல்டன்ஹாமில் எழும்பிய ரயில் பணிமனையில் குண்டுவீச்சு விமானங்கள் செய்தார்கள். பிற்பாடு பஸ்களைப் பழுது பார்த்தார்கள். யுத்தம் முடிந்த பிறகும் கோடு படத்தில் இருந்தது. ஆனால் நகரம் இனிப் பரவக் கூடாதென்று லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் வகுத்துவிட்டார்கள். வீடு வராத வயலுக்கு ரயில் எதற்கு? 1950-ல் நீட்டிப்பைக் கைவிட்டார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. குறை படத்தின் பாஷையில் இருக்கிறது. நம் தமிழில் 'ரயில் வரும்' என்பது வேறு, 'வீடுகள் வந்தால் ரயில் வரும்' என்பது வேறு. அந்த 'ஆல்' விகுதியை எழுத பெக்கின் படத்தில் எழுத்து இல்லை. இருக்கும் பாதைக்குரிய அதே நேர்த்தி, அதே சாய்வு, வராத பாதைக்கும் கிடைத்துவிடுகிறது. வயலை அழித்த படம், அந்த வயலின் மேல்தான் எல்லாம் நிற்கிறது என்பதை எப்படிச் சொல்லும்?

நண்பர் ஒருவர் இதை ஒப்பவில்லை. "அப்படியானால் எதிர்காலத்தைப் படத்தில் போடவே கூடாது என்கிறீர்களா?" என்று கேட்டார். போடாமல் இருக்க முடியாது. ஊர் எந்தப் பக்கம் வளரும் என்று ஜனங்களுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் வீடு வாங்குகிறவன் அந்தப் படத்தை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தன் வாழ்நாள் சேமிப்பைப் போடுகிறான். அவனுக்குக் கோட்டைக் காட்டுகிறவர்கள், அது எதை நம்பி நிற்கிறது என்பதையும் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிட வேண்டும். அழகு சற்றுக் குறையும், குறையட்டும்.

பிராக்லி ஹில் பக்கம், ரயில் போவதற்காகக் கட்டிய செங்கல் வளைவுகளின் மிச்சம் இன்றும் வயலில் நிற்கிறது. படத்தில் அதற்கு இடம் இல்லை.