முதுகும் தாளும்

'விவசாயி நாட்டின் முதுகெலும்பு' என்ற வாக்கியத்தை மேடையிலும் பாடப்புத்தகத்திலும் கவிதை என்று அச்சாகிறவற்றிலும் ஒரே மாதிரி காண்கிறேன். ஆங்கில வழக்கின் நேர் வார்ப்பு. வெளியிலிருந்து வந்தது குற்றமில்லை. வந்தபின் இங்கே ஏற்கெனவே இருந்த எதையும் அது தொடவில்லை என்பதுதான் என் புகார்.

பழைய கவிதையில் முதுகு பலத்தின் இடமல்ல, அவமானத்தின் இடம். கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்ததைப் புறநானூறு 65 பேசுகிறது. பலம் மார்பில் இருந்தது. 'உரம்' என்ற ஒரே சொல்லுக்கு மார்பு, வலிமை இரண்டும் பொருள். தாளிலும் இருந்தது, தாள் என்றால் கால், முயற்சி. 613, 614-ஆம் குறள்களில் வள்ளுவர் பிறருக்கு உதவும் வேளாண்மையைத் தாளாண்மையின் மேல் நிறுத்துகிறார். தன் காலில் நிற்கிறவனே பிறரைத் தாங்க முடியும். இன்று தாளாளர் பள்ளிக்கூட நிர்வாகத்தில் ஒரு பதவி. அந்தச் சொல்லுக்குள் கால் இருப்பது யாருக்கும் உறைப்பதில்லை.

தாளாண்மையில் கால் அவனுடையது. முதுகெலும்பிலோ விவசாயி வேறொரு உடம்பின் உறுப்பு. அந்த உடம்புக்குத் தலை யார் என்று உருவகம் சொல்வதில்லை. உறுப்பு கூலி கேட்பதில்லை. தாங்குவது அதன் இயற்கை என்றாகிவிடுகிறது. சமூகத்தை உடம்பாகக் காண்பது புதிதல்ல. புருஷ சூக்தம் பிராமணனை வாயாக்கி, சூத்திரனைக் காலிலிருந்து பிறப்பித்தது. பாரம் முழுவதையும் சுமக்கும் உறுப்பே கடைசி உறுப்பாயிற்று. காலை முதுகெலும்பாக உயர்த்தியதில் ஏற்பாடு மாறவில்லை, உபசாரம் கூடியிருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சுமப்பவர்களுக்கு ஸ்ரீபாதம்தாங்கிகள் என்று பெயர். பாரம் ஏறுவது அவர்கள் தோளில். பெயரில் இருப்பது சுமக்கப்படுகிறவரின் பாதம். பக்தியில் இது பொருந்தும், அங்கே சுமப்பவனே அப்படி அழைக்கப்பட விரும்புகிறான். விவசாயியை யாரும் கேட்கவில்லை.

மேடைக்கு இந்த வாக்கியம் போதும். கவிதைக்குப் போதாது. நாற்று நடுகிற பெண் நாளெல்லாம் குனிந்திருந்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி மெல்ல நிமிர்கிறாள். அவளுக்கு ஒரு முதுகெலும்பு இருக்கிறது, அது வலிக்கிறது. நம் கவிதை இன்னும் அங்கே வந்து சேரவில்லை.