ஸ்கொற்றின் ‘கெனில்வேத்’: குற்றம் கைமாறிய கதை

வரலாற்று நாவலாசிரியன் காலக்கணக்கை மாற்றலாமா என்பது திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வினாவாகும். சேர் வோல்ற்றர் ஸ்கொற் 1821ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கெனில்வேத்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஆயின், அந்நாவல் எழுப்பும் முதன்மையான வினா காலம் பற்றியதன்று; நீதி பற்றியது.

முதற்கண் வரலாற்றை நோக்குவோம். எலிசபெத் அரசியின் பேரன்புக்குரிய அரசவைப் பிரமுகரும் பின்னாளில் லெஸ்ரர் பிரபு ஆனவருமான றொபேட் டட்லி, 1550இல் ஏமி றொப்சாட்டை மணந்தார். ஆறாம் எட்வேட் மன்னரே சமுகமளித்த பகிரங்கத் திருமணம் அது. 1560 செப்ரெம்பர் 8ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, ஏமி தம் பணியாளரை வற்புறுத்தி அபிங்டன் சந்தைக்கு அனுப்பிவிட்டார். அன்றே கம்னர் மாளிகைப் படிக்கட்டின் அடியில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். கணவரோ வின்சரில் அரசியுடன் இருந்தார். யூரர் சபை விபத்தெனத் தீர்ப்பளித்தது. 2008இல் வெளிப்பட்ட மரண விசாரணை அறிக்கை, கழுத்து முறிவோடு தலையில் இரு காயங்களையும் குறிப்பிடுகின்றது. விபத்தா, தற்கொலையா, கொலையா என்பது இன்றும் முடிந்த வழக்கன்று. நோயால் நலிந்த எலும்பே முறிந்திருக்கலாம் என 1956இல் மருத்துவப் பேராசிரியர் இயன் எயாட் எடுத்துரைத்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

நாவலின் களமான கெனில்வேத் கோட்டை விழா 1575இல் நிகழ்ந்தது. அப்போது ஏமி இறந்து 15 ஆண்டுகள் கழிந்திருந்தன. நாவலில் நாடகாசிரியராகப் பேசப்படும் சேக்ஸ்பியருக்கு வயது 11. இவற்றைப் பிழையெனச் சாடுதல் பயனற்றது. மறைக்கப்பட்ட மனைவியையும் அரசியையும் நேருக்குநேர் நிறுத்துவதற்கே ஸ்கொற் காலத்தைச் சுருக்கினார். நாவலின் வலிமைமிக்க கட்டம் அச்சந்திப்பே என்பதை மறுப்பதற்கில்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. 1584இல் லெஸ்ரரைத் தாக்கி வெளிவந்த பிரசுரம், பிரபுவையே கொலையின் சூத்திரதாரி என்றும் வார்னியை அவரது கருவி என்றும் சாடியது. ஸ்கொற் இவ்வுறவைத் தலைகீழாக்குகிறார். அவரது நாவலில் சதியை வகுப்பவன் வார்னி. பிரபுவோ அவனது பொய்யை நம்பிச் சினத்தில் கொலைக்கு உடன்பட்டுப் பின்னர் மனம்மாறுபவர். முடிவில் வார்னி நஞ்சுண்டு மாள்கிறான். உடந்தையான ஃபொஸ்ரர் தன் பொன்னறையிலேயே அடைபட்டு மடிகிறான். பிரபு சிறிதுகாலம் ஒதுங்கியிருந்து அரசவைக்கு மீள்கிறார். ஏவலர் தண்டிக்கப்பட, அதிகாரம் அனுதாபத்துக்கு உரியதாகிவிடுகின்றது.

ஏமிக்கும் நீதி கிடைத்திலது. ஸ்கொற்றின் ஏமி ஆடையணிகளில் மயங்கும் பேதைப் பெண். கணவரின் சீழ்க்கையெனக் கேட்ட ஒலியை நம்பி ஓடிவந்து பொறிக்கதவில் விழுந்து இறக்கிறாள். வரலாற்று ஏமி எழுதிய கடிதங்கள் இரண்டு எஞ்சியுள்ளன. ஒன்று தையற்காரருக்கு எழுதியது. மற்றையதில், ஏழைகளுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கொடுப்பதற்காக, நட்டம் வரினும் ஆட்டுரோமத்தை விற்றுவிடுமாறு அவர் பணிக்கிறார். கணவர் இல்லாதவிடத்துக் குடும்பப் பொறுப்பைத் தாங்கிய பெண்ணையே அக்கடிதத்திற் காண்கிறோம். மனச்சோர்வினின்று தம்மைக் காக்குமாறு அவர் இறைவனை வேண்டியதைப் பணிப்பெண் கேட்டிருந்தாள் என்பதும் பதிவாகியுள்ளது. இத்தகைய பெண் ஏன் அன்று தனித்திருக்க விரும்பினார்? நாவல் தொடாத வினா இதுவேயாகும்.

வரலாறு விடையிறுக்காத இடத்தில் கற்பனை புகுதல் இயல்பே. ஆனால் அவ்விடை யாரை விடுவிக்கின்றது, யாரை வாயடைக்கச் செய்கின்றது எனக் கேட்பது திறனாய்வின் கடமை. ‘கெனில்வேத்’ பிரபுவை விடுவிக்கின்றது. இறந்தவளை வாயடைக்கச் செய்கின்றது.