சூழ் அரங்கும் காண்போர் கடப்பாடும்: திருவதிகைத் தேரும் பாரதக்கூத்துப் படுகளமும்

ஆய்வுச் சுருக்கம்

மேடைக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள எல்லையை நீக்கிக் காண்போரை நிகழ்வுக்குள் கொண்டுவரும் அரங்க முறை, இம்மர்சிவ் தியேட்டர் என்னும் பெயரில் இன்று பரவலாகப் பேசப்படுகிறது. இதனை இக்கட்டுரை சூழ் அரங்கு எனக் குறிக்கிறது. கடலூர், விழுப்புரம் வட்டாரத்துப் பாரதக்கூத்தை இதன் முன்னோடி எனப் பாராட்டும் போக்குத் தமிழ் அரங்கத் திறனாய்வில் உள்ளது. அப்பாராட்டு எவ்வளவு பொருந்தும் என்பதைத் திருவதிகைத் திரிபுர சங்கார விழா, திரௌபதியம்மன் விழாவின் படுகளம் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. காண்போர் எவ்வளவு அருகில் நிற்கின்றனர் என்பதைவிட, அவர்கள்மேல் என்ன கடப்பாடு ஏற்றப்படுகிறது என்பதே இவ்வரங்கின் அடிப்படை அளவுகோல் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: சூழ் அரங்கு, பாரதக்கூத்து, படுகளம், திருவதிகை, காண்போர், மெய்ப்பாடு

முன்னுரை

மெய்ப்பாட்டியலுக்கு உரை கண்ட இளம்பூரணர், செயிற்றியத்தைத் துணைக்கொண்டு, நடிப்போனிடம் தோன்றும் உணர்வு காண்போனைச் சென்றடைவதை மெய்ப்பாடு என விளக்குவார். இவ்விளக்கத்தில் நடிப்போன் ஒரு முனையிலும் காண்போன் மறுமுனையிலும் உள்ளனர். இடையே உணர்வு பயணப்படுகிறது. அரங்கக் கலையைப் பற்றிய தமிழ்ச் சிந்தனையின் பெரும்பகுதி இவ்விரு முனைகளை ஏற்றுக்கொண்டே வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்பிரிவு மேலைநாட்டில் கேள்விக்குள்ளானது. ரிச்சர்ட் ஷெக்னர் 1968இல் நியூயார்க்கில் அரங்கேற்றிய ‘டயோனிசஸ் இன் 69’ காண்போரை ஆட்டக்களத்துக்குள் அழைத்தது. சூழல் அரங்கு குறித்த அவரது நூல் 1973இல் வெளிவந்தது. 2000இல் இங்கிலாந்தில் தோன்றிய பஞ்ச்டிரங்க் குழு இப்போக்கைப் புதிய வடிவில் வளர்த்தது. அதன் ‘ஸ்லீப் நோ மோர்’ 2011 முதல் நியூயார்க்கில் பல்லாண்டு நிகழ்ந்தது. ‘மேக்பெத்’ கதையைத் தழுவிய அந்நிகழ்வில் காண்போர் முகமூடி அணிந்து, பேசாமல், பல தளங்கள் கொண்ட கட்டடத்தில் தாம் விரும்பிய நடிகரைப் பின்தொடர்ந்து நடந்தனர்.

இத்தகைய நிகழ்வுக்குச் செல்பவர் எதை எதிர்பார்க்க வேண்டும் என்ற வினாவுக்கு இன்று கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தவை: இருக்கை இராது, நடக்க வேண்டியிருக்கும், கதை முழுவதும் ஒருவர் கண்ணுக்கே புலப்படாது, நடிகர் அருகில் வந்து பேசக்கூடும். இவ்விடைகள் யாவும் பாரதக்கூத்துக்கும் பொருந்துகின்றன. இந்தப் பொருத்தமே ஒப்பீட்டை எளிதாக்குகிறது. திறனாய்வைப் பிழைபடச் செய்வதும் இதுவே.

திருவதிகை: கதையை நகர்த்தும் கைகள்

கெடிலக்கரையில் பண்ணுருட்டியை அடுத்துள்ள திருவதிகை அட்டவீரட்டானங்களுள் ஒன்று. சிவன் முப்புரம் எரித்த தலமாக அது போற்றப்படுகிறது. புராணப்படி அப்போரில் பூமி தேராகிறது, ஞாயிறும் திங்களும் சக்கரங்கள், நான்முகன் பாகன், மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு. முப்புரம் எரிந்தபோது இறைவன் ஆடியதாகச் சொல்லப்படும் கொடுகொட்டி, சிலப்பதிகார அரங்கேற்றுகாதை உரைகளில் பதினோராடலுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. போர்க்கதை கூத்தாகவும் கருதப்பட்டமைக்கு இது சான்று.

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலின் வைகாசிப் பெருவிழாவில் தேரோட்டத்தோடு ஒட்டித் திரிபுர சங்காரம் நிகழ்த்தப்படுகிறது. பிற ஊர்களில் தேர் இறைவன் உலாவரும் ஊர்தி. திருவதிகையில் அது கதைக்குள்ளிருக்கும் போர்த்தேரும் ஆகிறது. அதன் வடத்தைப் பற்றி இழுப்பவர் போரைக் காண வந்தவர். அதே வேளையில் போரை நடத்துபவரும் அவரே. வடம் நகராவிடில் கதைத்தலைவன் களம் சேர முடியாது. காண்போரின் உடல்வலிமை கதையின் இயக்கவிசையாக மாறும் இவ்வமைப்புக்கு இணையானதைச் சூழ் அரங்கில் காண்பது அரிது. முகமூடியணிந்த பார்வையாளர் கட்டடத்தை விட்டு வெளியேறினும் மேக்பெத்தின் கதை தன் போக்கில் நடந்து முடியும்.

இவ்வட்டாரத்தின் இன்னொரு நிகழ்வும் இங்கு எண்ணத்தக்கது. திருவதிகையில் சூலைநோய் நீங்கிச் சைவம் திரும்பிய திருநாவுக்கரசர், கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அந்நிகழ்வு இன்றும் சித்திரையில் கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பத்தில் விழாவாக நிகழ்த்தப்படுகிறது. கதையின் ஒரு காட்சியே அங்கே ஊரின் பெயர். அரங்கப் பொருள் கொண்டு அதைப் புனைந்து காட்டத் தேவை எழவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்னும் தொல்காப்பியக் கொள்கை இவ்வரங்குக்கும் பொருந்துகிறது.

படுகளம்: ஊரே பாத்திரம்

திரௌபதியம்மன் வழிபாட்டின் நடுநிலம் செஞ்சிப் பகுதி என்பது ஆல்ஃப் ஹில்டெபைட்டலின் கருத்து. 1988, 1991ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது இரு தொகுதிகளும், தெருக்கூத்தை மகாபாரத அரங்காக ஆராய்ந்த ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் 1990ஆம் ஆண்டு நூலும் இவ்விழாவை விரிவாகப் பதிவுசெய்துள்ளன. விழா மூன்று தளங்களில் நடக்கிறது. பகலில் வில்லிபாரதத்தை அடியொற்றிய பாரதச் சொற்பொழிவு. இரவில் விடியும்வரை கூத்து. குறிப்பிட்ட நாள்களில் கூத்துக்களத்தை விட்டுத் தெருவுக்கும் திடலுக்கும் வரும் சடங்கு நிகழ்வுகள். ஒரே கதையைக் கேட்டும், பார்த்தும், பின்னர் அதனுள் நின்றும் ஊரார் அறிகின்றனர்.

கூத்துக்களத்தில் புஜக்கட்டையும் கிரீடமும் அணிந்த வேடதாரி திரைக்குப் பின்னிருந்து தன்னை அறிவித்துக்கொண்டு வருகிறார். கட்டியங்காரன் அவருக்கும் ஊராருக்கும் இடையே நின்று வினவுகிறான், நகைக்கிறான், ஊர்ச்செய்தியைக் கதைக்குள் இழுக்கிறான். அர்ச்சுனன் தபசில் வேடதாரி உயர்ந்த மரத்தில் பாடியவாறே ஏறுகிறார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சையையும் பூவையும் பெறக் குழந்தைவரம் வேண்டும் பெண்கள் கீழே காத்திருக்கின்றனர். பகாசுரவதத்தில் பீமன் உணவுவண்டியோடு தெருவில் வருகிறான். தெருவிலுள்ள வீடுகள் ஏகசக்கர நகரத்து வீடுகளாகின்றன.

நிறைவு நாளின் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனின் பேருரு தரையில் கிடக்கிறது. பீமனும் துரியோதனனும் அதனைச் சுற்றிவந்து பொருதுகின்றனர். தொடை பிளந்து, திரௌபதியின் விரித்த கூந்தல் முடிக்கப்படுகிறது. காந்தாரி வேடதாரி ஒப்பாரி பாடும்போது சூழநிற்கும் பெண்களின் சொந்த இழப்புகளும் அவ்வழுகையில் கலக்கின்றன. மாலையில், காப்புக் கட்டி நோன்பிருந்தவர் தீமிதிக்கின்றனர். தீ நடிப்பன்று, மிதிப்பவர் வேடதாரிகள் மட்டுமல்லர். காண்போருக்கும் நடிப்போருக்கும் இடையிலான எல்லை இங்கே முற்றாக மறைகிறது.

ஒப்பீடும் மதிப்பீடும்

மேற்கூறியவற்றைக் கொண்டு பாரதக்கூத்தைச் சூழ் அரங்கின் முன்னோடி என்பது இரண்டையும் தவறாக அளப்பதாகும். சூழ் அரங்கு காண்பவரைத் தனியராக்குகிறது. முகமூடி அவரைப் பிறரிடமிருந்து மறைக்கிறது, எங்குச் செல்வது என்பது அவர் விருப்பம், அவர் பெறும் அனுபவம் அவருக்கே உரியது, நுழைவுச்சீட்டுக்கு ஈடானது. பாரதக்கூத்தில் பங்கேற்பு ஆட்டம் தொடங்குமுன்பே உறுதியாகிவிடுகிறது. தலைக்கட்டு வரி, காப்பு, நோன்பு, உறவினரை அழைத்தல் என வரும் கடமைகளால் ஒருவர் பாத்திரமாகிறார். அங்கு முகம் மறைப்பார் எவருமில்லை. இன்னார் மகன் தீமிதித்தான் என்று ஊர் அறிவதே நிகழ்வின் பயன்களுள் ஒன்று. முன்னதன் மையம் அனுபவம். பின்னதன் மையம் கடப்பாடு.

இவ்வேறுபாடு மேடையேற்றக் கூத்தை மதிப்பிடவும் உதவும். நகர விழாக்களில் இரண்டொரு மணிநேரத்துக்குச் சுருக்கிக் காட்டப்படும் கூத்தில் அடவும் பாட்டும் ஒப்பனையும் எஞ்சுகின்றன, ஊர் எஞ்சுவதில்லை. நா. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நவீன முயற்சிகள் நடிகரின் உடல், குரல் சார்ந்த பயிற்சியைக் கூத்திலிருந்து பெற்றுப் பயன்கண்டன. ஆயினும் காண்போரின் கடமையை அரங்கக்கூடத்துக்கு இடம்பெயர்க்க இயலவில்லை. அது நடிப்புத் திறத்தின் குறையாகாது. கூத்தின் அப்பகுதி நடிகரிடத்தில் இருந்ததே இல்லை.

எல்லையில் நிற்போர்

கடப்பாட்டை அளவுகோலாகக் கொண்டால் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். ‘ஊர்’ என்னும் பாத்திரத்தில் யார் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர் என்பது அரங்கியல் வினாவும் சமூக வினாவும் ஆகும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் நுழைவது குறித்து எழுந்த பூசலால் 2023 சூனில் வருவாய்த்துறை அக்கோயிலுக்கு முத்திரையிட்டது. சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மார்ச்சில் பூசைக்காக அது திறக்கப்பட்டது. தேர்வடத்தைத் தொடுவதும் வரி செலுத்துவதும் தீமிதிப்பதும் பங்கேற்பு எனில், அவை மறுக்கப்படுவது வெறும் காட்சி மறுப்பாகாது, ஊரிலிருந்தே விலக்குவதாகும்.

சூழ் அரங்கும் பணமில்லாதவரை வாயிலில் நிறுத்துகிறது. ஆனால் அவ்விலக்கல் ஒரு மாலைப்பொழுதோடு முடிவது. ஊர் விலக்கல் தலைமுறைகளுக்கு நீள்வது. எனவே படுகளத்தைக் கூட்டுணர்வின் வடிவம் என்று போற்றி நிறுத்திக்கொள்ளும் திறனாய்வு பாதியையே கண்டதாகும். எந்த ஆற்றல் ஊராரை ஒன்றாகத் தீயின்முன் நிறுத்துகிறதோ, அதே ஆற்றலே சிலரை வெளியில் நிறுத்தவும் பயன்பட்டுள்ளது.

முடிவுரை

பாரதக்கூத்தைக் காணச் செல்லும் புதியவர் இருக்கையின்மையையும் இரவு விழிப்பையும் எதிர்பார்த்தல் போதாது. அவர் அங்கே விருந்தினர்; பாத்திரங்கள் முன்னரே பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன என்பதை உணர்தல் வேண்டும். அவர் எவ்வளவு அருகில் நின்றாலும், வரி செலுத்தி நோன்பிருந்து தொலைவில் நிற்கும் மூதாட்டியே கதைக்குள் மிகுதியாக இருக்கிறார்.

திறனாய்வாளர்க்குரிய முடிபும் இதிலிருந்து கிடைக்கிறது. அண்மை, தொடுகை, நடமாட்டம் ஆகியவை சூழ் அரங்கின் புறக்கூறுகள். காண்போர் இல்லையெனில் நிகழ்வு நின்றுபோகுமா, நிகழ்வு முடிந்தபின் அவர்மேல் எது தங்குகிறது, அவ்விடத்தில் நிற்க யாருக்கு உரிமை மறுக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களே அகக்கூறுகளைக் காட்டும். திருவதிகைத் தேர்வடமும் படுகளத்துத் தீயும் முதலிரு வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றன. மூன்றாவதற்கு விடை தர வேண்டியவர் அவ்வூரார். அதனைக் கேட்டாக வேண்டியது திறனாய்வின் கடப்பாடு.