‘விநியோகம் இலவசம்’

‘விநியோகம் இலவசம்’ என்று இணையக் கடைகள் விளம்பரம் செய்கின்றன. இலக்கியத்தைப் போலவே விளம்பரத்தையும் நாம் விமர்சனக் கண்கொண்டு வாசித்தல் வேண்டும். இவ்வாக்கியத்திலே கொடுப்பவன் யார் என்பது மறைக்கப்பட்டுள்ளது.

ஓடர் ஒன்று வந்ததும் பண்டத்தைத் தேடியெடுக்கவும், சரிபார்க்கவும், பொதிசெய்யவும் பல கைகள் உழைக்கின்றன. வாங்குபவர் ஏற்க மறுத்தாலோ, பொதி வந்த வழியே திரும்ப, மீண்டும் அதே உழைப்பு. 1885இல் வெளிவந்த ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில், போக்குவரத்தையும் உற்பத்தியின் தொடர்ச்சியாகவே மார்க்ஸ் கணித்தார். பண்டம் நுகர்வோனை அடையும்வரை உழைப்பு முடிவதில்லை.

கொம்பனித்தெருவின் ஒடுங்கிய சந்துகளிலே பொதி சுமந்துவரும் இளைஞனைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள், பெற்றோல், தேய்மானம் யாவும் பெரும்பாலும் அவன் தலையிலேயே விழுகின்றன. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலே முதலிற் பங்கிடப்பட்டது. அவன் வருவாயும் அந்த அளவுக்கே சுருங்கிற்று. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் கடைச் சிப்பந்திக்கு வேலைநேர வரம்பையும் விடுமுறையையும் தந்தது. இவனுக்கோ ‘பங்காளன்’ என்ற பட்டமே மிச்சம்.

ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த இவ்விடத்தை ஆங்கிலேயர் ‘அடிமைத் தீவு’ என்றனர்; தமிழ்ப் பெயரிலோ கொம்பனி நிலைத்துவிட்டது. இங்கு பொதி வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இதன் விலையைக் கொடுத்தவன் யார்?