வன்னியின் பாலர் பள்ளிகள்: ஒரு மதிப்பீடு

ஒரு நூலை மதிப்பிடப் புகும் விமர்சகன் ஆசிரியரின் நல்லெண்ணத்தைக் கண்ட அளவில் மனநிறைவு கொண்டுவிடுவதில்லை. எண்ணம் எத்துணை உயர்ந்ததாயினும் அது செயலில் எவ்வாறு உருப்பெற்றது, எவருக்குப் பயன்பட்டது, காலத்தைக் கடந்து நிற்கும் வலிமை அதற்குண்டா என்பனவற்றையும் அவன் ஆராய்தல் வேண்டும். இதே அளவுகோலைச் சமூக ஸ்தாபனங்களுக்கும் பிரயோகித்தல் தகும் என்பது நமது கருத்து. அவ்வாறு செய்யத் தவறியதனாலேயே, ‘தொண்டு’ என்ற சொல்லின் நிழலில் நிற்கும் எதனையும் கேள்வி கேட்பது பாவம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

இலக்கிய ஏடொன்றில் பாலர் பள்ளி பற்றிய கட்டுரைக்கு இடமேது என்று சிலர் வினவக்கூடும். பிள்ளை தன் வீட்டு மொழியை ஊர் மொழியாக மாற்றிக்கொள்ளும் முதலிடம் பாலர் பள்ளியே. கதை கேட்பதும், கூடிப் பாடுவதும், பிறர் சொல்லுக்குக் காத்திருப்பதும், தன் சொல்லைப் பிறர் கேட்கக் கூறுவதும் அங்கேதான் பழக்கமாகின்றன. நாளைய வாசகன் அங்கே உருவாகின்றான். ஆகவே அப்பள்ளியை நடத்துவோர் யார், எவ்வாறு நடத்துகின்றனர் என்பதில் இலக்கியத்திற்கும் அக்கறை உண்டு.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களைக் கொண்ட வன்னிப் பெருநிலத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பாலர் கல்வி பல கைகளுக்கு மாறி வந்துள்ளது. அக்கைகள் ஒவ்வொன்றையும் நாம் நான்கு கேள்விகளால் சோதிக்க விரும்புகின்றோம். பணம் எங்கிருந்து வருகிறது? கணக்கு எவருக்குக் காட்டப்படுகிறது? ஆசிரியையை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உடையவர் யார்? தலைமை வீழ்ந்தால் பள்ளி நிற்குமா? நிலைபேறு, பொறுப்பாட்சி என்று இக்காலத்தில் பெரிதாகப் பேசப்படும் சொற்களின் உட்பொருள் இவ்வளவே.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனங்கொள்ள வேண்டும். கன்னங்கரா குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி என்பதே அதன் முழக்கமாக இருந்தது. ஆயின் அன்று கூறப்பட்ட பாலர் வகுப்பு ஐந்து வயதுப் பிள்ளை சேரும் ஆரம்பப் பாடசாலையின் கீழ்ப்படியே. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை அந்த வேலிக்கு வெளியே நின்றது. இன்றும் அது பெரும்பாலும் வெளியேதான் நிற்கிறது. அரசு பொறுப்பேற்காத அந்த வெற்றிடத்தில்தான் தனியார், கோயில், தேவாலயம், சனசமூக நிலையம், தொண்டு நிறுவனம், இராணுவ அதிகாரம் எனப் பலரும் நுழைந்தனர்.

வன்னியில் அவ்வெற்றிடத்தைப் பெருமளவில் நிரப்ப முயன்ற ஸ்தாபனம் காந்தீயம். அதன் தோற்றத்தைத் தனிமனிதரின் இரக்கத்தால் மட்டும் விளக்குதல் முடியாது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையான காலத்தில் மலையகத்தைப் பஞ்சம் வாட்டியது. 1977 ஓகஸ்ட் மாத வன்செயல்கள் அம்மக்களை மேலும் துரத்தின. தேயிலையை வளர்த்து இந்நாட்டிற்குச் செல்வம் ஈட்டிக் கொடுத்தோர், கையில் ஒன்றுமின்றி வன்னிக் காடுகளின் ஓரத்தில் குடியேறினர். தாயும் தந்தையும் கூலிக்குச் செல்ல, பிள்ளைகள் குடிசைகளில் தனித்திருந்தன. கட்டடக் கலைஞர் சொலமன் அருளானந்தம் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாகக் கொண்டு தொடங்கிய காந்தீயம் இம்மக்களுக்கு நிலமும் விவசாயமும் சுகாதாரமும் பற்றிய வழியைக் காட்டியதோடு, ஊர்தோறும் பாலர் பள்ளிகளையும் அமைத்தது. கிராமத்து இளம்பெண்களே பயிற்சி பெற்று ஆசிரியைகளாயினர். பிள்ளைகளுக்குப் பால் வழங்கப்பட்டது. பசித்த பிள்ளைக்கு முதலில் உணவு, பின்னரே பாட்டு என்ற எளிய உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தனர். அதுவே அவர்தம் பெருஞ் சிறப்பு.

1983 ஏப்ரலில் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில் இராஜசுந்தரம் மாண்டார். உயிர் தப்பிய டேவிட் செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைப்பின்போது வெளியேறி, நெடுங்காலம் தமிழகத்தில் வாழ்ந்து, 2015 ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். அவர்கள் கட்டியெழுப்பிய பள்ளிகளோ 1983உடன் குலைந்தன. இக்குற்றத்தின் முழுப் பாரமும் அன்றைய அரசின் தலையிலேயே விழும். அதில் ஐயமில்லை.

எனினும் நமது நான்காவது கேள்வி எஞ்சி நிற்கிறது. பள்ளிகள் ஏன் தலைவர்களோடு சேர்ந்து வீழ்ந்தன? நிதியில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களிலிருந்து வந்தது. தீர்மானங்கள் இருவரையும் அவர்களைச் சூழ்ந்த சிறு குழுவையும் சார்ந்திருந்தன. அமைப்பில் முன்னின்று உழைத்த சந்ததியார் பின்னர் ஆயுத இயக்கமொன்றின் தலைவர்களுள் ஒருவரானார். இயக்கத்திற்கும் தொண்டிற்கும் இடையிலிருந்த கோடு மங்கியபோது, ஒடுக்குவதற்குக் காரணம் தேடிய அரசுக்கு அது வாய்ப்பாயிற்று. மனிதரின் தியாகம் ஸ்தாபனத்தின் உறுதிக்கு மாற்றீடு ஆகாது என்பதே காந்தீயம் நமக்கு விட்டுச்சென்ற கசப்பான பாடம். அவர்களை வணங்குவோர் பலர். அப்பாடத்தைப் படித்தோர் சிலரே.

அடுத்து வந்தது போர்க்காலம். விடுதலைப் புலிகளின் ஆட்சி வன்னியில் நிலவிய ஆண்டுகளில் புனர்வாழ்வு அமைப்புகளும் ஊர்ச் சங்கங்களும் பாலர் பள்ளிகளை நடத்தின. இடம்பெயர்ந்த இடங்களில் மரநிழலிலும் ஓலைக் கொட்டில்களிலும் பாட்டும் கதையும் ஓயவில்லை. பொருளாதாரத் தடையின் நடுவே அதனைச் செய்த ஆசிரியைகளின் உழைப்பை மறுப்போன் நன்றி கொன்றவனாவான். ஆயினும் துவக்கு ஏந்திய அதிகாரத்தின் முன் பெற்றோர் கணக்குக் கேட்க முடியுமா? பாலர் பள்ளியில் பாடிய பிள்ளை வளர்ந்தபின் அதனைப் போர்முனைக்கு அழைத்த அதிகாரமும் அதுவே அன்றோ? பொறுப்பாட்சி என்ற கேள்வியை அரசிடம் மட்டும் கேட்டு, நம்மவரிடம் கேளாது விடுவது முற்போக்கு ஆகாது.

2009இல் போர் முடிந்தது. மூன்று இலட்சத்தை நெருங்கிய மக்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் மெனிக்பாம் மூடப்படுமுன்னரே மீள்குடியேற்றம் தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் வந்தன. வர்ணம் தீட்டிய சுவர்கள், ஊஞ்சல், சறுக்கு, வாசலில் கொடையாளர் பெயர் பொறித்த பலகை. திறப்பு விழா சிறப்பாக நடக்கும். திட்டத்தின் காலம் முடிந்ததும் நிறுவனம் விடைபெறும். கட்டடம் நிற்கும், ஆசிரியையின் கொடுப்பனவு நின்றுவிடும். கூரைத் தகடு பழுதானால் எவரிடம் முறையிடுவது என்று பெற்றோர் அறியார். கணக்கறிக்கை கொழும்பிற்கும் அதற்கப்பாலும் சென்றிருக்கும். ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டிராது. கொடுத்தவனுக்குக் கணக்கு, பெற்றவனுக்கு மௌனம் என்ற இம்முறை, எத்துணை நேர்மையாக நடந்தாலும், பொறுப்பாட்சியாகாது.

இந்தப் பசித்த நிலத்தில்தான் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கால்வைத்தது. ஊர்காவற் படையின் வழிவந்து, 2006இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் உருவான அத்திணைக்களம், போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் தன் பொறுப்பில் கொண்டது. முன்பள்ளி ஆசிரியைகள் அதன் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்து அடையாளம் கொள்கை ஆய்வு நிலையம் இதனை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, வன்னியின் ஆழ்ந்த இராணுவமயமாக்கம் என்று இதனைச் சரியாகவே பெயரிட்டது. மறு ஆண்டில் திணைக்களத்தின் இலச்சினை பொறித்த உடைகள் பிள்ளைகளுக்கு அணிவிக்கப்பட்டமை பெருங் கண்டனத்தைக் கிளப்பியது.

கண்டனம் நியாயமானதே. எழுத்தறியாப் பிள்ளையின் உடையில் பாதுகாப்பு அமைச்சிற்கு என்ன வேலை? ஆனால் கண்டித்தோருள் எத்தனைபேர் சம்பளக் கணக்கைப் பார்த்தனர்? திணைக்களத்தின் கீழிருந்த ஆசிரியை மாதம் முப்பதாயிரம் ரூபா அளவில் பெற்றாள். மாகாணக் கல்வி நிர்வாகத்தின் கீழிருந்தவளுக்குக் கிடைத்ததோ சில ஆயிரம் ரூபா கொடுப்பனவு. போரில் கணவனை இழந்து, வீட்டுப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்ணிடம் சென்று, ‘கொள்கைக்காக அச்சம்பளத்தை விட்டுவிடு’ என்று கூறுவது எளிது. கூறுகின்றவரின் சம்பளம் வேறிடத்திலிருந்து வருமாயின் மிக எளிது. அவளைத் துரோகி என்று ஏசியவர்கள் அவளது அடுப்பைப் பற்றிச் சிந்திக்கவில்லை. இராணுவமயமாக்கம் துவக்கைக் காட்டி வரவில்லை. சம்பளப் பட்டியலைக் காட்டி வந்தது. குடியியல் நிர்வாகம் கொடுக்க மறுத்த கூலியே அதற்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆகவே அக்கதவை மூடுவதற்குக் கண்டன அறிக்கை போதாது. அதே கூலியை மக்களால் தெரிவு செய்யப்பட்ட நிர்வாகம் கொடுத்தல் வேண்டும்.

கொடுக்க முடியாதா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளிகளை மாகாண சபையின் விடயமாக்கியது. வடமாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்ததோ 2013 செப்டெம்பரில். அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றி, ஆளுநரின் நிர்வாகத்திலேயே கழிந்தன. மத்திய அரசு மாகாணத்தைக் காட்டும். மாகாணம் மத்திய அரசின் நிதியைக் காட்டும். கேட்பாரற்று நின்றவள் ஆசிரியை. சபையிருந்த ஐந்தாண்டுகளில் தீர்மானங்களுக்குக் குறைவில்லை. ஆசிரியையின் கொடுப்பனவை ஒரு வாழ்க்கைக் கூலியாக்கும் போராட்டம் அத்தீர்மானங்களின் வரிசையில் முதலிடம் பெறவில்லை என்பதையும் நாம் சொல்லியே ஆகவேண்டும்.

உலக அனுபவம் இங்கே நமக்குத் துணைபுரியும். ஜெர்மனியில் குழந்தைப் பூங்கா என்னும் எண்ணத்தை உருவாக்கிய புரோபலின் பள்ளிகளைப் பிரஷ்ய அரசு 1851இல் தடை செய்தது. 1860 வரை அத்தடை நீடித்தது. பாலர் கல்வி அரசியலற்ற வெறும் விளையாட்டு என்று கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக. அதிகாரத்திலிருப்போர் அதன் வலிமையை எக்காலத்திலும் அறிந்தே இருக்கின்றனர்.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரின் கதை வன்னிக்கு இன்னும் நெருக்கமானது. 1945 வசந்தத்தில், பாசிசம் வீழ்ந்த சில நாட்களுக்குள், வில்லா செல்லா என்னும் கிராமத்து மக்கள் ஜெர்மானியர் விட்டோடிய போர்த் தாங்கியையும் வாகனங்களையும் குதிரைகளையும் விற்றுப் பாலர் பள்ளி ஒன்றைக் கட்டத் தொடங்கினர். இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்சி அங்கே சென்று அவர்களோடு இணைந்தார். பெற்றோர் நடத்திய இத்தகைய பள்ளிகள் பல ஆண்டுகள் வறுமையோடு போராடின. 1963இல் நகரசபை தனது முதலாவது பாலர் பள்ளியைத் திறந்தது. 1967இல் பெற்றோரின் பள்ளிகளும் நகரசபையின் பொறுப்பில் வந்தன. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பணம் பொதுச்சபையிலிருந்து வந்தது. ஆனால் பெற்றோரும் ஊராரும் ஆசிரியரும் கூடிய குழுக்கள் கலைக்கப்படவில்லை. அரசின் நிதியும் மக்களின் கண்காணிப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை அந்நகரம் நிரூபித்தது.

தமிழகமும் ஒரு பாடம் தருகிறது. 1975இல் இந்தியாவில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982இல் தமிழகத்தில் பாலர் பள்ளிகளுக்கும் விரிந்த சத்துணவுத் திட்டமும் அரசின் வரவுசெலவில் இடம்பெற்றன. முதலமைச்சர்கள் மாறினர், கட்சிகள் மாறின, பிள்ளையின் தட்டு காலியாகவில்லை. அங்கன்வாடி ஊழியருக்கும் அங்கே கூலி குறைவே. ஆனால் அவர்கள் சங்கமாகத் திரண்டு தெருவிலிறங்கி உரிமை கேட்கின்றனர். நிலைபேறு எனப்படுவது கொடையாளரின் கருணையில் தங்கியிருக்கவில்லை. சட்டத்திலும் வரவுசெலவுத் திட்டத்திலும் தொழிலாளரின் ஒற்றுமையிலுமே அது தங்கியிருக்கிறது.

ஊருக்குள்ளும் நமது பார்வையைத் திருப்புவோம். பள்ளிக் கட்டணம் செலுத்த இயலாத கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு, விளையாட்டு விழாவிற்கும் கலைவிழாவிற்கும் உடை தைக்கவேண்டிய செலவு வேறு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின்மேல் விழுந்துவிட்டது. மண்ணில் விளையாட வேண்டிய விரல்கள் கோடிட்ட கொப்பியில் எழுத்துகளை நிரப்புகின்றன. இதற்கு ஆசிரியையை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பெற்றோர் தரும் கட்டணத்திலேயே தங்கி வாழ்பவள் பெற்றோர் விரும்பும் ‘முன்னேற்றத்தை’க் காட்டவே முனைவாள். நிதியின் வழி எதுவோ, பாடத்தின் வழியும் அதுவாகவே அமையும்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. இலவசக் கல்வி மூன்று வயதிலிருந்து தொடங்குதல் வேண்டும். முன்பள்ளி ஆசிரியைக்கு நிரந்தர நியமனமும், பயிற்சியும், வாழப் போதிய சம்பளமும், ஓய்வூதியமும் குடியியல் நிர்வாகத்தின் மூலம் வழங்கப்படல் வேண்டும். பாதுகாப்பு அமைச்சின் எந்தப் பிரிவிற்கும் பாலர் கல்வியில் இடமிருத்தல் ஆகாது. ஆனால் அதன் கீழ்ப் பணியாற்றிய ஆசிரியை எவளும் இம்மாற்றத்தால் ஒரு ரூபாவையேனும் இழத்தல் கூடாது. ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் தெரிவு செய்த நிர்வாகக் குழு அமைந்து, வரவும் செலவும் ஆண்டுதோறும் ஊர்ப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படல் வேண்டும்.

இவற்றை வென்றெடுக்கும் பொறுப்பு முன்பள்ளி ஆசிரியைகளுக்கு மட்டும் உரியதன்று. அரச பாடசாலைகளில் கற்பிப்போரின் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் இவர்களின் கூலியையும் எழுதிக்கொள்ளட்டும். பல்கலைக்கழக மாணவர் தம் விடுமுறையில் தத்தம் ஊரின் பாலர் பள்ளிக்குச் சென்று, கணக்குப் புத்தகம் எவரிடம் இருக்கிறது என்று கேட்கட்டும். அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் ஊரில் ஏற்பட்டுவிட்டால், காந்தீயம் தொடங்கிய பணி அதனைத் தொடங்கியவர்களின் காலத்தையும் கடந்து நிலைபெறும்.