ஒடுக்கு எடுக்கும் கை

இடிபட்ட கார்க் கதவில் உரிமையாளர் கண்ணுக்குப் படுவது பள்ளம். டிங்கர் மேஸ்திரி முதலில் தேடுவது அதைச் சுற்றி மடிந்து நிற்கும் மேட்டை. அதைத் தளர்த்தினால்தான் பள்ளம் எழும்பும்.

உள்பக்கம் டாலி என்னும் இரும்புக் கட்டி, வெளிப்பக்கம் சுத்தியல். தகட்டின் கனமோ 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓங்கி அடித்தால் இரும்பு நீண்டு தொளதொளத்துவிடும். அப்போது கேஸ் நெருப்பில் ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி ஈரத்துணியால் ஒற்றுவார்கள். தகடு சுருங்கி விறைத்துக்கொள்ளும். பிறகு உள்ளங்கையால் ஒரு தடவல். கண் தவறவிட்ட நெளிவு கையில் சிக்கும். ரசிக்க வேண்டிய இடம் இதுதான்.

தட்டி நிமிர்த்தச் சோம்பல்பட்டுப் பட்டியைக் கனமாக அப்பும் கடைகளும் உண்டு. காந்தம் வைத்தால் குட்டு வெளிப்படும். அங்கே சரியாக ஒட்டாது.

இன்ஷூரன்ஸ் என்றால் சர்வேயர் பார்க்கும்முன் எதையும் கழற்றக்கூடாது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பம்பருக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவே இல்லை.

மெட்டாலிக் சில்வர் வந்தால் பெயிண்டர்கள் கொஞ்சம் முனகுவார்கள். ஸ்பிரே கன்னைப் பிடிக்கும் தூரம் மாறினாலே நிறம் மாறித் தெரியும். அதனால் அடிபடாத பக்கத்துப் பேனல் வரை கலரை இழைத்துக்கொண்டு போவார்கள். பில்லில் அதுவும் ஏறும்.