எண் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் பதிவேடு

2023 ஜூலையில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 'பூமி சம்மான்' விருதுகளை வழங்கினார். நில ஆவணங்களைக் கணினிக்குக் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டத்தின் அடிப்படை வேலைகளை முடித்த மாவட்டங்களுக்கான விருது அது. உரிமைப் பதிவுகள் கணினியில் ஏறினவா, புலப்படங்கள் ஏறினவா, இரண்டும் இணைந்தனவா, பத்திரப்பதிவு கணினிக்கு வந்ததா என்று பார்த்தார்கள். ஏற்றி வைத்ததைத் தேடி வந்தவர் கண்டுபிடித்தாரா என்று பார்க்கவில்லை. இங்கே தமிழ்நாட்டிலும் இதே அளவுகோல்தான் பொதுப்பேச்சாகிவிட்டது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கம் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, இனி யாருக்கு என்ன குறை என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்தக் கேள்வி தவறான இடத்தில் திருப்தி அடைகிறது என்பது என் நெடுநாள் கருத்து.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பரம்பரைக் கணக்குப்பிள்ளை முறையை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகும் ஊர்க்கணக்கு ஒரு அலுவலரின் பெட்டிக்குள்தான் கிடந்தது. இன்று பட்டா நகலுக்காக யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பதிவுத்துறை 2018 பிப்ரவரியில் புதிய மென்பொருளுக்கு மாறிய பின் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்க முடிகிறது. மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் கூத்தாநல்லூர்க்காரர் நடுராத்திரியில் தன் நிலத்தின் பட்டாவைத் திறந்து பார்க்கலாம். இவை சின்ன விஷயங்கள் அல்ல.

ஆனால் அவர் கையில் எண் இருக்க வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து வந்ததும் அரசின் இணையதளம் பட்டா எண்ணையோ புல எண்ணையோ கேட்கிறது. அ-பதிவேடு என்றால் புல எண், உட்பிரிவு எண். வில்லங்கம் என்றால் மறுபடியும் புல எண், இல்லையென்றால் ஆவண எண்ணும் ஆண்டும். எண்ணைக் கொடுத்தால் அந்த ஒரு நிலத்தின் விவரம் வரும், அவ்வளவுதான். நிலம் எங்கே இருக்கிறது, அதன் எண் என்ன என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் மனிதர்கள் பதிவேட்டிடம் போனார்கள். இந்தப் பதிவேடோ அதைத் தெரிந்துகொண்டு வா என்கிறது.

கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போன ஊர். அங்கே சம்பாதித்த பணம் இங்கே வீடாகவும் சுற்றுவட்டாரத்தில் நஞ்சையாகவும் ஆனது. வாங்கியவர் மறைந்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாகம் பிரிக்கும்போது அவர்களிடம் எஞ்சியிருப்பது என்ன? 'குளத்தடியில் மூணு மா' என்று நன்னி சொல்லக் கேட்ட ஒரு வாக்கியம், ஒரு பழைய பத்திரம், வருஷா வருஷம் நெல்லளந்த குத்தகைக்காரரின் பெயர். தளத்துக்கு மா தெரியாது. அது ஹெக்டேரும் ஏரும் பேசுகிறது. குளத்தடி என்ற வயலின் பெயர் தெரியாது. பட்டாவில் குத்தகைக்காரர் பெயர் வராது. மிச்சமிருப்பது பத்திரம். அதில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருக்கும். திருவாரூர் மாவட்டம் 1997-இல் பிறந்தது, கூத்தாநல்லூர் தனி வட்டமானது அதற்கும் பிறகு. அதையாவது விசாரித்துச் சரிசெய்துகொள்ளலாம். எண்ணை என்ன செய்வது?

நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்க 1979 முதல் 1987 வரை நடந்த யூடிஆர் திட்டமும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த மறு அளவைகளும் உட்பிரிவுகளும் பல கிராமங்களில் எண்களை மாற்றிப் போட்டுவிட்டன. அப்படி மாறிய கிராமத்தில் பத்திரத்திலுள்ள பழைய எண்ணைப் பெட்டியில் இட்டால் தளம் 'இது பழைய எண்' என்று சொல்லாது. அந்த எண் இப்போது யாருடைய நிலத்துக்கு இருக்கிறதோ அவருடைய பட்டாவை எடுத்துக் காட்டும். தேடியவர் தன் நிலத்தை யாரோ எழுதி வாங்கிவிட்டார்கள் என்று பதறுவார். எத்தனை குடும்பங்களில் அண்ணன் தம்பிகளுக்குள் இதனால் சந்தேகம் முளைத்திருக்கும்! இத்தனைக்கும் அ-பதிவேட்டில் பழைய எண்ணுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. புதிய எண்ணைச் சொன்னால் பழைய எண்ணைக் காட்டும். பழையதைச் சொல்லிப் புதியதைக் கேட்க வழி வைக்கவில்லை. தகவல் உள்ளேயே இருக்கிறது. அதற்குப் போகும் பாதையை யாரும் போடவில்லை.

பெயரால் தேடலாமே என்று சிலர் சொல்வார்கள். முகமது, முஹம்மது, மொகமது, சாகுல், ஷாகுல், தகப்பன் பெயர் முன்னெழுத்தாகவா, முழுதாகவா? ஐம்பது வருஷத்துக்கு முன் ஓர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது எந்த எழுத்தில் ஏறியிருக்கிறது என்று தெரியாமல் எதை அடிப்பது?

புத்தகமாக இருந்தபோது இந்தச் சிக்கலை மனிதர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை யோசிக்க வேண்டும். அவர்கள் தேடவில்லை, புரட்டினார்கள். அ-பதிவேடு ஒன்றாம் புல எண்ணிலிருந்து கிராமத்தின் கடைசி எண் வரை வரிசையாகப் போகும். பக்கத்து எண் பெரும்பாலும் பக்கத்து வயல். குளம் புறம்போக்கு எந்த எண்ணில் இருக்கிறதென்று பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் விரலை ஓட்டினால் குளத்தடி நிலங்கள் கிடைத்துவிடும். எழுத்து பிசகியிருந்தாலும் கண் பெயரைப் பிடித்துக்கொள்ளும். ஜமாபந்தி சமயத்தில் கிராமக் கணக்குகள் வட்ட அலுவலகத்தில் விரிக்கப்படுவது அதிகாரிகளின் தணிக்கைக்காகத்தான் என்றாலும், ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்துச் சரியில்லாததைச் சொல்ல அது ஒரு வாய்ப்பாகவும் இருந்தது. இணையதளம் அந்தப் புத்தகத்தைத் தாள் தாளாகக் கிழித்து, ஒவ்வொரு தாளையும் தனி உறையில் போட்டு, உறையின் மேல் எண்ணை எழுதி ஒட்டிவிட்டது.

தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் வரைபடத்தில் வயலைத் தொட்டால் புல எண் வருகிறதே என்பார்கள். உண்மைதான், வரவேற்கிறேன். ஆனால் அதுவும் ஒரு தொடுகைக்கு ஒரு நிலத்தைத்தான் தருகிறது. இந்தக் கிராமத்தில் எத்தனை எண்கள் அரசு நிலம், எவையெல்லாம் வாய்க்கால், எவை களம், எவை சுடுகாடு என்று கேட்டால் பட்டியலாக வராது. டெல்டாவில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

பட்டா நிலத்துக்கு உடையவர் இருக்கிறார். சிரமப்பட்டாவது எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார். பாசன வாய்க்காலுக்கும் வடிகாலுக்கும் பட்டா எண் கிடையாது, தேடிக்கொண்டு வர வாரிசு கிடையாது. வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடைப் பக்கம் போகப் போக, ஐப்பசி கார்த்திகையில் பயிர் அழுகுவதும் பிழைப்பதும் வடிகால் திறந்திருப்பதைப் பொறுத்தது. அந்த வடிகால் பதிவேட்டில் எத்தனை அகலம், எந்தெந்த எண்கள் வழியாகப் போகிறது என்று ஒரு விவசாயி முழுதாகப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வோர் எண்ணாக இட்டு இட்டு எடுக்க வேண்டும். அந்த எண்கள் தெரிந்தால்! ஒரு நிலத்துக்கு நீர் எங்கிருந்து பாய்கிறது என்பதற்கும் அ-பதிவேட்டில் கட்டம் உண்டு. ஒரே ஆதாரத்தில் பாயும் வயல்களையெல்லாம் ஒரு பட்டியலாகத் தரச் சொன்னால் கணினிக்கு அது ஒரு நொடி வேலை. மேலமடைக்காரனும் கீழமடைக்காரனும் முறைத்தண்ணீருக்காகச் சண்டை போடும்போது அந்தப் பட்டியல் எவ்வளவு உதவும்! தனியொருவரின் சொத்தைக் காட்டும் கருவியாக மட்டும் பதிவேட்டை எண்ணிக் கட்டியதால் ஊருக்குப் பொதுவானது கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இதற்கெதிராகச் சொல்லப்படும் நல்ல வாதம் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் கிராமத்தையே புரட்டலாம் என்றால் நில அபகரிப்பாளர்களுக்கு வசதியாகிவிடும், வெளிநாட்டில் இருப்பவர் நிலம் எது என்று எளிதில் பொறுக்கியெடுத்துவிடுவார்கள் என்பது. கூத்தாநல்லூர் போன்ற ஊருக்கு இந்தப் பயம் நியாயமானது. ஆனால் இன்றைய முறை அவர்களைத் தடுக்கிறதா? தரகருக்கு நேரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை இட்டுக்கொண்டே போய்க் கிராமம் முழுவதையும் ஒரு நோட்டில் ஏற்றிவிட முடியும். அது முடியாதவர் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் விதவைதான். ஸ்பெயின் நாட்டு நிலப் பதிவேட்டில் வரைபடத்தையும் பரப்பையும் பயன்பாட்டையும் எவரும் உலாவிப் பார்க்கலாம். உடைமையாளர் பெயர் மறைத்துப் பாதுகாக்கப்படுகிறது. இங்கேயும் பெயர்க் கட்டத்தை மூடிவிட்டு மற்றக் கட்டங்களைக் கிராம வரிசையில் திறந்து வைக்கலாம். அரசு நிலத்துக்கு மூட வேண்டிய பெயரும் இல்லை.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பெயர்வாரி அட்டவணை, சொத்துவாரி அட்டவணை என்று இரண்டையும் வைக்கச் சொன்னது. கட்டணம் செலுத்தும் எவருக்கும் அவற்றைப் பார்வையிடும் உரிமையையும் 57-ஆம் பிரிவில் எழுதியது. காகிதமும் மையும் மட்டுமே இருந்த காலத்தில், ஒரு பதிவேட்டுக்குள் பல வாசல்கள் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்த பதிப்பில் வரும், பொறுத்திருங்கள் என்று சொல்பவர்களுக்கு என் பதில் இது: பழைய எண், பாசன ஆதாரம், நிலத்தின் வகை, புல எண் வரிசை எல்லாம் ஏற்கெனவே ஏற்றப்பட்டுவிட்டன. புதிதாக ஒரு வயலைக்கூட அளக்க வேண்டியதில்லை. 'கிராமம்' என்ற கட்டத்துக்கு அடுத்து, எண்ணைக் கேட்பதற்குப் பதிலாக, எண்களின் பட்டியலைக் காட்டினால் போதும்.